வீட்டுக்குள்ளே பத்திரம்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குக் கோவிட் ஊரடங்கை அறிவித்து, நள்ளிரவிலேயே நாட்டைப் பூட்டிய அந்தச் சுறுசுறுப்பை மெச்சாமல் இருக்க முடியாது. அதிலும் 65 வயதைக் கடந்தவர்கள் மீது அரசுக்கு இருந்த பாசம் தனி. வாசலைத் தாண்டாதீர்கள் என்று பெற்ற பிள்ளைகூட அத்தனை முறை சொல்லியிருக்காது.

நல்ல யோசனைதான். வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகையில், ஈரம் காயாத டைல்ஸில், சுருண்டு கிடக்கும் கால்மிதியில், நின்ற வாக்கிலேயே சரிந்து விழுவார்கள். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே அவர்களை வைத்துப் பூட்டும் நுட்பம் எல்லோருக்கும் வாய்க்காது. சாலைகள் வெறிச்சோடி விபத்துக் காயங்கள் குறைந்தன. எலும்பு முறிவு வார்டு ஈயடிக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் பாட்டிகள்தான். மற்ற முறிவுகள் மளமளவென்று குறைந்த நாடுகளிலும் இடுப்பு முறிவு கிட்டத்தட்டப் பழைய கணக்கிலேயே நின்றது.

காலை நடையை நிறுத்தியது அடுத்த உபகாரம். மெரினா மணலை அந்த ஆண்டு டிசம்பர் 14 வரை பொதுமக்கள் மிதிக்காமல் காத்தார்கள். மணலுக்கு ஒரு சேதமும் இல்லை. தொடைத் தசைதான் கொஞ்சம் கரைந்தது. நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியதாயிற்று. வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி எதற்கு?

விழுந்த பிறகு காட்டிய நிதானத்தை என்ன சொல்ல! ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன் செய்யாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையும் என்று எலும்பு டாக்டர்கள் எப்போதுமே பறப்பார்கள். பதறாத காரியம் சிதறாது என்று மூக்கில் குச்சியை விட்டு, ஆர்டிபிசிஆர் முடிவு வரும்வரை, காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். லண்டன் மருத்துவமனைகளில் இடுப்பு முறிவோடு கோவிட்டும் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கோவிட் இல்லாதவர்களில் 10 சதவீதம். ஆக, குச்சியைக் குறை சொல்லக் கூடாது. முடிவு வர எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டும் பாராட்டுவோம்.

நடை பழக்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட் வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார். வாக்கரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். போனைப் பிடிக்க மூன்றாவது கையைப் பாட்டி வளர்த்துக்கொள்ளாதது அவர் குற்றம்.

அம்மாவைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பிய மகள், கோவையில் மாவட்டம் தாண்டுவதற்கான இ-பாஸுக்கு விண்ணப்பிப்பதும், நிராகரிக்கப்பட்டதும் மறுபடி விண்ணப்பிப்பதுமாகப் பொழுதைப் பயனுள்ள வழியில் கழித்தாள். வந்து சேர்ந்தாலும் வார்டில் ஒரே ஒரு துணைக்குத்தான் இடம். அதற்காக அரசைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஈமச்சடங்குக்கு மட்டும் இருபது பேர் வரை வரலாம் என்று தாராளமாக அனுமதித்திருந்தது.