ஆடு அப்டேட் ஆகலை, மாப்ளே

மாப்ளே, நீ வேலையை விட்டது ரொம்ப நல்ல காரியம். ஒங்கம்மா மூணு நாள் அழுதா. நாந்தான் தேத்துனேன். "மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதது எல்லாரும் செய்யுததுதான் தாயி. சம்பளமே இல்லாம ராவும் பகலும் ஒழைக்குதது எத்தனை பேருக்கு வாய்க்கும்?"னு கேட்டேன். அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமா அழுதா. "அண்ணே, ஒரு எட்டு போயி பயலைப் பாத்துட்டு வா"ன்னு என்னை ரயிலேத்தி விட்டுட்டா.

வந்து பதினெட்டு நாளாச்சு. ஒன் டெல்லி முனிர்கா சந்துல அண்ணாந்து பாத்தா வானம் கோவணத்துணி அகலத்துக்குத்தான் தெரியுது, அதுலயும் பாதி கரண்டு வயரு. எதிர்வீட்டுல சீரகம் தாளிச்சா எனக்கு இங்கன தும்மல் வருது. நாலாவது மாடி வேற. காலையில ஒரு தடவை எறங்கி ஏறுனா அன்னைக்குப் பூராவும் வேற வேலை வேண்டாம். வந்த அன்னைக்கே மலைமந்திர் முருகனைப் பாக்கணும்னு கேட்டேன், நினைவிருக்கா? நடந்து போற தூரம்தான். 1973-ல கும்பாபிசேகம் பண்ணுன கோயிலு, 'யாமிருக்க பயமேன்'னு எழுதி வச்சிருக்காம். "ஒரு பக் இருக்கு மாமா, சரி பண்ணிட்டுப் போவோம்"னே. முருகனும் பாவம், பதினெட்டு நாளா அந்தப் பூச்சி சாகட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு.

நீ செஞ்சது நல்ல சாமான்தான், அதுல பொய் சொல்ல மாட்டேன். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தப்ப எங்க தொழுவத்துச் சுவத்துல கரித்துண்டால நான் போட்டு வச்ச கோட்டையெல்லாம் பாத்தே. எந்த ஆடு எந்த அமாவாசைக்குக் கெடாவோட சேந்துச்சு, எது எப்ப ஈனும், அம்புட்டும் சுவத்துலதான். போன மழையில பாதி கரைஞ்சிருந்துச்சு. "இதை போன்ல போட்டுத் தாரேன் மாமா"ன்னே, போட்டும் தந்துட்டே. ஆட்டுக்கு 150 நாளு, மாட்டுக்கு 280, எருமைக்கு 310. சேந்த தேதியைத் தட்டுனா ஈனுற தேதி வருது, பத்து நாளைக்கு முன்னால மணி வேற அடிக்குது. எங்க பால்கன்னி ஆடு ரெண்டும் செங்கன்னி ஒண்ணும் இப்ப அதுக்குள்ளதான் குடியிருக்கு. காசுன்னா எவன் வாங்குவான்னு இனாமா விட்டே. அங்கனதான் சனி பிடிச்சது.

கூகுள் பிளே கடைக்குள்ள நொழையவே 25 டாலரு வாசக்காசு கட்டுனியாம். சரி, ஒரு சின்னக் குட்டி வெலை, போகட்டும். அடுத்து அந்த 12 பேரு கதை. 2023 நவம்பர் 13-க்குப் பெறவு கூகுள் பிளேயில தனியாளாக் கணக்குத் தொறந்தவன், ஆளு பிடிச்சு 14 நாளு விடாமப் பரிச்சை பாத்த பெறவுதான் ஆப்பை ஊருக்குக் காட்டலாம்னு நீதான் சொன்னே. மொதல்ல 20 பேருன்னு இருந்துச்சாம், 2024 டிசம்பர்ல 12-ஆக் கொறைச்சாங்களாம். கழிசடையை வடிகட்டச் சல்லடை வேணும்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா ஒன் அக்கா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடவே நமக்கு ஏழு பேருதான் வந்தாங்க.

நீ பிடிச்சே பாரு 12 பேரு! கீழ்வீட்டு மணிப்பூர்ப் பிள்ளைக ரெண்டு, ஜே.என்.யூ.ல சரித்திரம் படிக்கிறவங்க மூணு, இஸ்திரிக்காரரு, மோமோ கடைக்காரன், ஆர்.கே. புரத்துல இருக்கிற ஒன் சேக்காளி, வீட்டுக்காரச் சௌத்ரி, அவரு மகன், ஒங்கம்மா, நான். இதுல ஆடு வச்சிருந்தது நான் ஒருத்தன். மோமோக்காரன் ஆட்டைப் பத்திக் கேட்ட ஒரே கேள்வி கிலோ என்ன வெலைங்கிறதுதானாம். சௌத்ரி மட்டும், "எருமை இருக்கா?"ன்னாராம். அவருக்காகத்தானே நீ எருமையையே சேத்தே? அவரோட கடைசி எருமை போயி எத்தனையோ வருசமாச்சு. அது கட்டிக் கிடந்த எடத்துலதான் நாம இருக்கிற கட்டடம் நிக்கி. ஆனாலும் மனுசன் 14 நாளும் தவறாம அந்த எருமைக்குத் தேதி போட்டுப் பாத்திருக்காரு. நேத்து படியில வச்சு என்னை நிறுத்தி, "தாவூஜி, என் பூரி ஹோலிக்கு ஈனும்"னு கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது, எருமை ரெண்டு பேருக்கும் தெரியும். 12 பேருல ஒழுங்காப் பரிச்சை பாத்தது இல்லாத எருமைக்காரரு ஒருத்தர்தான் மாப்ளே.

சந்தைக்கு வந்த பெறவு கேக்கணுமா? "ஆடு ரெண்டு நாள் முந்தி ஈனிட்டுது, ஏமாத்து வேலை"ன்னு ஒருத்தன் ஒத்தை ஸ்டாரு போட்டான். நீ ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, "ஐயா, அஞ்சு நாள் முன்ன பின்ன ஆகலாம்"னு பணிவா எழுதுதே. நான் போர்வைக்குள்ளேருந்து ஒரு கண்ணால பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தப்பு ஆட்டு மேல. நீ ஏன் மன்னிப்புக் கேக்கே? இன்னொருத்தன் கெடா வெலையும் போடச் சொன்னான். இன்னொருத்தன், "என் வீட்டுக்காரிக்கும் தேதி பாக்கலாமா?"ன்னான். மாட்டுக் கணக்கும் மனுசி கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு நீ பதில் எழுதாம விட்டியே, அது பெரிய புண்ணியம். நம்மாளு காசு குடுத்து வாங்குன சொத்தைக் கத்திரிக்காயைச் சத்தமில்லாம நறுக்கிக் கொழம்புல போட்ருவான். இனாமா வந்த கத்திரிக்காய்க்குத்தான் காம்பு நீளம்பான்.

வயித்துக்கு வேணுமேன்னு விளம்பரம் வச்சே. இப்ப செங்கன்னி எப்ப ஈனும்னு தட்டுனா, கடன் வேணுமான்னு ஒரு பொம்பளை சிரிக்கா. ஆடு வாங்குனதே கடன்லதான் தாயின்னு நானும் ரெண்டு தடவை பதில் சொல்லிப் பாத்துட்டேன். நாலு மாசத்துல 10 டாலரு சேந்துச்சுன்னு துள்ளிக் குதிச்சே. அந்த விளம்பரக் கம்பெனி, "நீ இருக்கிற எடம் நெசந்தானான்னு பாக்கணும்"னு ஆறு நம்பர் எழுதித் தபால்ல அனுப்புமாம், அதைத் தட்டுனாத்தான் வழி தொறக்குமாம். அப்படியும் 100 டாலரு சேந்தாத்தான் கைக்கு வருமாம். வானத்துல பறக்குற தொழிலு, கடைசியில தபால்காரன் சைக்கிள்ல வந்து நிக்கி பாரு! அதுக்குத்தானே அந்தக் கடுதாசி, கடுதாசின்னு தெனம் படியெறங்கி ஓடுதே?

இது போதாதுன்னு வருசா வருசம் ஆகஸ்ட் கடைசிக்குள்ள புது ஆண்ட்ராய்டுக்குத் தக்கன ஆப்பை மாத்தி எழுதணுமாம், இல்லேன்னா புது போன் வாங்குனவன் கண்ணுக்கே ஆப் தெரியாமப் போயிருமாம். கூரை வேயுத மாதிரின்னு வச்சுக்கோ. ஆனா எங்க தாத்தா காலத்துலயும் ஆட்டுக்கு 150 நாளுதான், இன்னைக்கும் 150 நாளுதான். ஆடு அப்டேட் ஆகலை, மாப்ளே.

நீ ராச்சாப்பாட்டுக்கு ஒவ்வொரு கதையாச் சொன்னியே, நான் தூங்கிட்டேன்னு நினைச்சே. எல்லாம் கேட்டேன். வியட்நாம்காரன் ஒருத்தன், டாங் நுயென், குருவி பறக்குத ஆட்டத்தை இனாமா விட்டான். ஒரு நாளைக்கு 50,000 டாலரு விளம்பரக் காசுன்னு பேச்சு. சனம் பிடுங்குன பிடுங்கல்ல நிம்மதி போச்சுன்னு 2014 பிப்ரவரியில அவனே கடையைச் சாத்திட்டான். ஒனக்கு அந்தத் தொந்தரவு வராது, கவலைப்படாதே. ஸ்லோவாக்கியாக்காரன் ஒருத்தன் சின்னச் சின்ன ஆப்பா எழுதி, எழுதுன நிரலையும் யாரும் பாக்கலாம்னு தொறந்து போட்டு, வருசக்கணக்கா நடத்திட்டு 2023 கடைசியில வித்துட்டான். தொறந்து கிடந்ததால மத்தவங்க அதை எடுத்து ஃபாசிஃபைன்னு வேற பேருல நடத்துதாங்க. வித்தவனை வைதவங்கள்ல எத்தனை பேரு அவனுக்கு அதுவரைக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பாங்கன்னுதான் எனக்கு ரோசனை.

எனக்குப் பிடிச்சது அந்த அல்வர் வாத்தியாரு கதை. இங்கேருந்து தெக்க ரயில்ல மூணு மணி நேரந்தானாம். இம்ரான் கான்னு பேரு, கவர்மென்ட் சமஸ்கிருதப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பிள்ளைக படிக்க 50 ஆப்புக்கு மேல எழுதி இனாமாக் குடுத்தாரு. 2015 நவம்பர்ல லண்டன் வெம்ப்ளி மைதானத்துல நம்ம பிரதமர் அவரு பேரைச் சொன்னாரு, உடனே பி.எஸ்.என்.எல். காரங்க வீட்டுக்கு ஓசியில நெட்டு குடுத்தாங்க. நீ இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வெம்ப்ளியிலயே நிக்கே. நான் வாத்தியாருங்கிற எடத்துல நின்னுட்டேன். ஒண்ணாந்தேதி சம்பளம், மாப்ளே. மலேசியாக்காரரு முத்து நெடுமாறன் செல்லினத்தை 2005-ல கொண்டாந்தாரு, இன்னைக்கு எத்தனை பேரு அதுல இனாமாத் தமிழ் அடிக்காங்க. அவருக்கு எழுத்துரு தொழில் தனியா ஓடுச்சு. ஆப்பிள் கம்ப்யூட்டர்ல இருக்கிற இணைமதி அவரு எழுத்துதான்னு நீதானே காட்டுனே? இனாமாக் குடுக்கிறவன் அடுப்பு வேற எங்கனயோ எரியுது. ஒன் அடுப்பைப் பாத்தேன், பூனை படுத்திருக்கு.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில்ல நாம நீர்மோர்ப் பந்தல் போடுதோம்லா? அங்கயும் இதே கூத்துதான். உப்பு கம்மிம்பான், டம்ளர் சின்னதும்பான், நாலு டம்ளர் குடிச்சுட்டு மோர்ல தண்ணிம்பான். நானும் சிரிச்சுக்கிட்டே ஊத்துவேன். ஏன் சிரிக்கேன்? தபசு முடிஞ்ச மறுநாள் பந்தலைப் பிரிச்சிருவேன். எவனும் வந்து ஏன்டா பிரிச்சேன்னு கேட்டதில்லை. ஒன் பந்தலுக்கு மறுநாளே கிடையாது. போட்ட அன்னைக்கே பிரிக்கிற தேதியையும் பானையில எழுதி ஒட்டுதவனை எவனும் வைய மாட்டான். நீ எழுதலை, இப்ப எழுது. "இந்த ஆப்புக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பதில் கிடைக்கும்"னு ஒரு வரி போடு. ஒத்தை ஸ்டாருக்காரன் ஆறு நாளு அவன் ஆட்டோட சண்டை போட்டுக்கிடட்டும். சௌத்ரி மகன் நேரு பிளேஸ்ல ஒரு வேலை இருக்குன்னானே, அதையும் காது குடுத்துக் கேளு. கேட்டா என்ன, காதா தேஞ்சு போயிரும்?

மூஞ்சியைத் தூக்காதே. ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அந்தக் கடுதாசி வந்து ஆறு நாளாச்சு. தபால்காரன் இஸ்திரிக்காரர்கிட்டக் குடுத்திருக்கான், அவரு எங்கிட்டக் குடுத்தாரு. வெத்தலைப்பையில பத்திரமா இருக்கு, ஓரத்தைக் கூடக் கிழிக்கலை. நீ தபாலாபீசுக்கு ரெண்டு நடை நடந்ததையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒடம்புல கொஞ்சம் வெயில் படட்டுமேன்னு விட்டுட்டேன். எந்திரி, சட்டையை மாத்து. அந்தப் பூச்சி எங்கயும் போயிறாது. மலைமந்திர்ல முருகனைப் பாத்துட்டு எறங்கும்போது கடுதாசியைப் பிரிக்கேன், படிக்கு ஒரு நம்பரா வாசிக்கேன். என் முட்டி வலிக்குது, மெதுவாத்தான் எறங்குவேன்.