நாற்காலியிடமிருந்து வாசலைக் காப்பது எப்படி?

முதலில் பிள்ளையாரைக் கும்பிடுங்கள். அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர், பிள்ளையாரை மறந்ததால் அச்சு முறிந்து நின்றது இங்கேதான் என்கிறது ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம். அவருக்கே அந்தக் கதி. நீங்கள் புது சிமெண்ட் வாசலில் நகர்த்தப்போவதோ சீர்வரிசையில் வந்த இரும்புக் கட்டில்.

அடுத்தது பொறுமை. கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில்தான் கணக்குப் பார்ப்பார்கள். முதல் 7 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் சாயந்திரமே தாத்தா காற்று வாங்க நாற்காலி போட்டு, பாத்திக்குள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பும் தைரியம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

கொத்தனார் பளபளவென்று தேய்த்துவிட்டுப் போன சிமெண்ட் பால் மெல்லிய தோல்தான். நாற்காலியைத் தூக்கி வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். "சரி சரி" என்றபடியே தரதரவென்று இழுப்பார்கள். புஷ் கழன்ற குழாய்க் கால் தரையில் பிறை பிறையாகக் கீறும். புது புஷ் ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், அதனாலேயே யாரும் வாங்குவதில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் காலில் கட்டுங்கள். கீறல் போய்க் கறுப்புத் தீற்றல் வரும். மாறுதல் நல்லதுதானே.

ஐப்பசி மழையில் கட்டில் நனைந்தால் நான்கு காலடியிலும் துருக்கறை நிச்சயம். உடனே பக்கத்து வீட்டு அக்கா கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு வருவார். வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். ஆசிட் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைத் தின்னும். கறையோடு தரையும் போகும். இளங்கறைக்கு எலுமிச்சம்பழம் போதும். அதுவும் புளிப்புதான், தேய்த்த கையோடு கழுவிவிட வேண்டும்.

இத்தனையும் செய்து காத்த வாசலுக்கு ஒருநாள் பந்தல்காரர் கடப்பாரையோடு வருவார். மணல் நிரப்பிய டின்னில் கம்பத்தை நட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். "காத்து அடிச்சா நான் பொறுப்பில்ல சார்" என்பார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் இதற்கு எதிர்வாதம் கிடையாது. "கல்யாணம் முடிஞ்சதும் குழிய நானே அடைச்சுத் தரேன்" என்றும் சொல்வார். சாம்பல் நிற வாசலில் அந்த ஒட்டு மட்டும் தனி நிறத்தில், பேரன் காதுகுத்து வரை இருக்கும். அதற்கும் அவரே பந்தல் போட வருவார், பழைய குழி எங்கே என்று தேட மாட்டார்.