விழுமியங்களுக்கு மட்டும் அனுமதி

நகரத்துக் கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்குப் போய், உங்கள் விழுமியங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அதிபர் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டுவார். அன்பு, மன்னிப்பு, தாழ்மை, பகிர்வு என்று தூணுக்கு ஒன்றாக எழுதியிருக்கும். தாழ்மைக்குக் கீழே, அந்தத் தூணைக் கட்டித் தந்த பழைய மாணவரின் பெயர், அவர் குடியிருக்கும் கனடா நகரத்தின் பெயர், காலஞ்சென்ற அவருடைய தாய் தகப்பனின் பெயர் எல்லாம் தாழ்மையைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

கிளிவெட்டியில் நின்றால் இந்தத் தூண்கள் தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைத் தாண்டி, மட்டக்களப்பு வீதியில் வயல்களுக்கு நடுவே கிடக்கிற ஊர் இது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கரையோரமாகப் பட்டினத்துக்குப் போகிறவர் படகுப் பாதையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டியிருந்தது. பாலம் வந்தது. ஆனால் நல்ல பாடசாலைக்கும் கிளிவெட்டிப் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தப் பொறியியலாளரும் குறைக்கவில்லை, ஏனென்றால் அதை அளப்பது கல்வி அமைச்சின் சுற்றறிக்கை.

தரம் ஒன்று அனுமதிக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். ஏழைக்குப் புள்ளி குறையும் என்று திருத்தி வாசிக்க வேண்டும். வசதியுள்ளவருக்கு எந்தப் பிரபல பாடசாலையின் மதிலோடும் ஒரு சித்தப்பா வீடு இருக்கும். வாக்காளர் இடாப்பில் குடும்பத்தோடு அங்கே குடியேறிவிடுவார். நேர்முகத்துக்கு முதல்நாள் இரவு பிள்ளைக்குத் தாய் பாடம் சொல்லிக் கொடுப்பாள்: "சேர் எங்க இருக்கிறியள் எண்டு கேட்டா என்னம்மா சொல்லுவியள்?" பொய் பேசாதே என்று சுவரில் எழுதியிருக்கிற பாடசாலைக்குள் நுழைய, ஐந்து வயதுக் குழந்தை ஒரு பொய் விலாசத்தை மனப்பாடம் செய்கிறது. இதுதான் அதன் முதல் விழுமியக் கல்வி. ஒன்றாம் வகுப்பு அனுமதிக்குக் கையூட்டு வாங்கி நீதிமன்றப் படியேறிய அதிபர்களும் இந்த நாட்டில் உண்டு. அவர்களுடைய பாடசாலைகளின் காலைக்கூட்டத்திலும் நேர்மையைப் பற்றி யாரோ ஒரு பிள்ளை பேசியிருக்கும்.

இன்னொரு அழகு இருக்கிறது. 1960இலும் 1961இலும் கொண்டுவந்த சட்டங்களால் சிறிமாவோ அரசாங்கம் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து மறியல் இருந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சம்பளம் அரசாங்கத்தினது, கட்டடம் அரசாங்கத்தினது, பெயர் மட்டும் புனிதருடையது. ஆனாலும் அப்படிப் பொறுப்பேற்ற பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கவனிக்கவேண்டும் என்று இன்றுவரை சுற்றறிக்கை சொல்கிறது. அதற்குப் பிறகு ஒரு யுத்தம் முப்பது வருடம் நடந்தது, கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து போனது, சனத்தில் பாதி இடம்பெயர்ந்தது, மீதியில் பாதி கப்பல் ஏறியது. விகிதம் அசையவில்லை. உயிர்த்தெழுதலுக்கு அடுத்தபடி நம்மிடம் உள்ள அற்புதம் இதுதான். தன்னிடம் வந்த சிறுபிள்ளைகளைத் தடுத்ததற்காகச் சீடர்களையே கடிந்துகொண்டவரின் பெயரை வாசலில் எழுதிவைத்துவிட்டு, உள்ளே நூற்றுவீதம் கணக்குப் பார்க்கிறார்கள்.

பழைய மிஷனரிமார் இவ்வளவு கெட்டிக்காரர் அல்லர். அவர்கள் கணக்கை வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில், அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பிய புண்ணியவான் தன் பெயரைப் பிள்ளைக்கு இடலாம். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகப் பெயர்கள் வந்தது இந்தக் கணக்கில்தான். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி திறந்து, கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனமும் கொடுத்தார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வியாபாரத்தில் எழுத்தறியாத வீட்டுப் பெண்பிள்ளை எழுத்தறிந்தது. அன்று நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளை சுமந்தது. இன்று தண்ணீர்க் குழாய் சுமக்கிறது. பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கிறது.

சாதி விஷயத்தில் அவர்களுக்கும் கால் நடுங்கியதுதான். வெள்ளாளப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் தேவனுடைய சாயல் என்று படிப்பித்தது அந்த அறைக்குள்தான். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, 1930 வாக்கில் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் பல எரிந்தன. ஒரு வாங்குக்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமூகம், இப்போது விழுமியக் கல்வி போதாது என்று கருத்தரங்கு வைக்கிறது. வைக்கட்டும். மதிய உணவு நல்லதாக இருக்கும்.

பிரம்பையும் விட்டுவிட முடியாது. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று 2005இல் சுற்றறிக்கை வந்தது. புவக்தண்டாவவில் ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட மாணவனுக்கு நட்டஈடு கொடுக்கும்படி 2021இல் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நம்முடைய ரீச்சர்மாருக்கு அதைவிட உயர்ந்த நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. பிரம்புக்கு வேதத்திலேயே ஆதாரம் உண்டாம். அதே வேதத்தில் வட்டி வாங்காதே என்றும் இருக்கிறது. அதற்கு ஏன் ஒரு ரீச்சரும் சீட்டுப் பிடிப்பதை நிறுத்தவில்லை என்று நான் கேட்டதில்லை, கேட்டால் என் பிள்ளைதான் அடி வாங்கும். ஒன்றாம் வகுப்பில் அன்பு, ஐந்தாம் வகுப்பில் வெட்டுப்புள்ளி. புலமைப்பரிசில் முடிவு வந்த மறுநாள் வாசலில் பதாகை தொங்கும். சித்தியடைந்த பிள்ளைகளின் படம் இருக்கும். ஒரு புள்ளியால் தவறிய பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழே குனிந்துதான் உள்ளே போகவேண்டும், சுவரில் தாழ்மை என்று எழுதியிருக்கிறது அல்லவா.

கிறிஸ்தவரை மட்டும் சொல்கிறேன் என்று சைவர்கள் சிரிக்கவேண்டாம். 2018 ஏப்ரலில் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்காகச் சனம் தெருவில் இறங்கிப் பாடசாலையின் பாரம்பரியம் போய்விட்டது என்று கத்தியது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நின்றது. இந்த மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் பாரம்பரியம் அப்போதும் இப்போதும் உயிரோடிருப்பது யாரோ ஒருவரை வெளியே நிறுத்துவதில்தான்.

இனிக் கிளிவெட்டிக்கு வருவோம். 2006 ஏப்ரலில் கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூர் மீது குண்டு விழுந்தது. சனம் வெருகலுக்கும் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடித் திரும்பி வந்தபோது ஊர் இல்லை. 2007 மேயில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானி வந்தது. ஒரு பக்கம் கடற்படை முகாம், ஒரு பக்கம் முதலீட்டு வலயம், இன்னொரு பக்கம் இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி மின்நிலையம். நிலத்தின் சொந்தக்காரருக்குக் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில். ஊரவரின் சம்பூர் மகா வித்தியாலயம் கடற்படையின் வேலிக்குள். முதலீட்டுக்குக் கொடுத்த 818 ஏக்கர் 2015இல்தான் சனத்திடம் திரும்பியது, கடற்படை பிடித்த இடம் 2016இல். அதாவது 2006இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, பாடசாலை திரும்பிக் கிடைத்தபோது சாதாரண தரம் எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டது. ஒரு தலைமுறை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது உச்சி வெயிலில் கொதிக்கிற தகரத்துக்குக் கீழே. அந்தத் தகரத்தில் அன்பு, பகிர்வு என்று யாரும் எழுதிவிட்டுப் போகவில்லை.

தேவாலயத் தொண்டர்கள் முகாம்களுக்கு அரிசியும் தறப்பாளும் கொண்டுவந்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் தரம் ஒன்று அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய மாணவரின் பிள்ளைக்கு நூற்றுக்கு 25, சகோதரருக்கு 15, கல்வி அமைச்சு ஊழியரின் பிள்ளைக்கு 5, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரின் பிள்ளைக்கு 4, வெளிநாட்டில் இருந்து திரும்பிய குடும்பத்துக்கு 1. படையினரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு. முகாமில் இருந்து வந்த பிள்ளைக்கு ஒரு வகுதியும் இருந்ததில்லை. பாடசாலையைப் பிடித்து வைத்திருந்தவரின் பிள்ளைக்கு வகுப்பறையில் இடம் உண்டு, பாடசாலையைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இல்லை. இதை எழுதிய அதிகாரிக்குத் தாழ்மைத் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண் கட்டலாம்.

கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11 அன்று அங்கே படையினர் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. இருபது வருடம் கழித்து, 2016 ஜூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர், யார் யாரை மன்னிப்பது, மன்னிப்புக் கேட்டவர் யார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு வரவேண்டும். பிள்ளை கட்டாயம் கேட்கும். பிரம்பைத் தூக்கினால் மூன்றாவது கேள்வியும் வரும்.

அடுத்த விழுமியக் கருத்தரங்கைப் பட்டினத்துக் குளிரூட்டிய மண்டபத்தில் வைக்காமல் கிளிவெட்டியில் வையுங்கள். சித்திரையில், பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு தகரக் கொட்டிலுக்குள். வரும்போது அந்தப் பழைய விகிதப் பட்டியலையும் எடுத்து வாருங்கள். பஸ் காசு உங்களுடையது.