இறங்குமுறை விசாரம்

அபிராமபுரத்து மாடி வீடுகளில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரகஸ்தர்கள் சிலர், மாலைச் சந்திக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து மும்பையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏர்பஸ் விமானத்தை ஓட்டி வருகிறார்கள் என்பது அயலகத்தாரும் அறியாத சமாசாரம். 1982-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி முதன்முதலாக வெளியிட்ட சிமுலேட்டரின் சந்ததியில் வந்த இவ்வித்தையில் ஏறுவது எவருக்கும் கைவரும், இறங்குவதே சாஸ்திரம்.

அதன் மூலசூத்திரம் சிறியது. உயரத்தை ஆயிரக்கணக்கில் எடுத்து மூன்றால் பெருக்கினால், இறங்கத் தொடங்க வேண்டிய தூரம் கடல் மைலில் கிடைக்கும். 36,000 அடிக்கு 108. வேகம் தணிவதற்கென்று ஒரு பத்தைக் கூட்டினால், நேர்வழியில் வருகிறவர் கடப்பைப் பக்கத்திலேயே இறங்கத் தொடங்கியாக வேண்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிஷத்துக்கு இறங்க வேண்டிய அடி வரும். 450 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்துக்கு 2,250.

இத்தனை முன்ஜாக்கிரதை எதற்கு என்று கேட்பவர்க்குச் சமாதானம் உண்டு. உயரமும் வேகமும் ஒரே சக்தியின் இரு ரூபங்களாகையால், ஒன்றைக் கழித்தால் மற்றொன்றில் வரவாகிறது. மேலும், அச்சூத்திரத்துக்கு அடிப்படையான மூன்று பாகைச் சரிவென்பது 19 அடி முன்சென்று ஓரடி தாழ்வதாகையாலும், ஃபிளாப்பும் சக்கரமும் வெளிவராத ஜெட் விமானம் எஞ்சின் அடங்கிய நிலையிலும் ஏறக்குறைய அச்சரிவிலேயே தானாக மிதந்து வரக்கூடியதாகையாலும், தாமதித்தவர் தாழவும் தணியவும் ஒருங்கே முயன்று இரண்டும் வாய்க்காமல் ஸ்பீட் பிரேக்கைச் சரணடைகிறார்.

சரணாகதி என்றதும் மயிலாப்பூர்ப் பக்கத்தாருக்கு நினைவு வரும் மர்க்கட நியாயமும் மார்ஜார நியாயமும் இங்கும் உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் ஒரு சாரார் கணக்கைத் தாமே போட்டுப் போட்டு இறங்குகிறார்கள். பூனைக்குட்டிபோல் மற்றொரு சாரார் ஆட்டோபைலட்டின் வாயில் தொங்குகிறார்கள். பிந்தியவர்களின் பக்தி மெச்சத்தக்கதே. ஆயினும், உயரத்தின் அளவைத் திருகி வைத்து அனுமதி தரும்வரை அந்தத் தாய்ப்பூனை அசைவதில்லை என்பதைக் கடப்பை தாண்டிய பிறகே கண்டுகொள்கிறார்கள்.

10,000 அடிக்குக் கீழ் 250 நாட் என்ற விதியைப் பற்றி விவாதமில்லை. விவாதமெல்லாம் கடைசி ஐந்து மைலில்தான். மேல்காற்று வீசும் காலத்தில் 25-ஆம் ரன்வேயை நாடிக் கடற்பக்கமிருந்து வருகிற விமானம், அபிராமபுரத்தருகே சுமார் 1,500 அடியில், ஃபிளாப் விரித்து, சக்கரம் இறக்கி, 140 நாட் அளவில் அடங்கியிருத்தல் முறை. நம் கிரகஸ்தரோ அவ்விடத்தில் 4,000 அடியில் 260 நாட்டில் பறந்துகொண்டு, திரையில் தம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடுகிறார். தொட்டி அகப்படுவதற்குள் ரன்வே பின்னால் போய்விடுகிறது.

மீண்டும் சுற்றிவருவதே உத்தம பரிகாரம். அதைச் செய்தவர் அரியர். 'பாஸ்' பொத்தானை அழுத்தி ஆகாயத்தில் விமானத்தை நிறுத்தி வைத்து யோசிப்பதைச் சிலர் ஆபத்தர்மம் என்பர். சமையலறையிலிருந்து இரண்டாம் முறையாக அழைப்பு வந்தாலன்றி அதனை நாம் அங்கீகரிப்பதற்கில்லை.