ஒரிஜினல் ஜீப்பண்ணன்

நாமகிரிப்பேட்டையில் ஜீப்பண்ணன் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "செங்கல் மேல ஒரு வண்டி உக்காந்திருக்கும். அதுக்குப் பின்னால தெரியறதுதான் வீடு" என்பார்கள். இந்த வகையறா ராசிபுரத்திலும் உண்டு, ஆத்தூரிலும் உண்டு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் குச்சிக்கிழங்கு, கிணற்றில் தண்ணீர், பையன் பெங்களூரில். கையில் காசும் பொழுதும் ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் சீட்டாடப் போவார்கள், இல்லாவிட்டால் கட்சியில் சேருவார்கள். நம்மவர், அரசு அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டி ஏலம் விட்ட மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்கண்ணா இது?" என்று கேட்டவர்களிடம், "சேஸ் நல்லாருக்கு" என்றார். பழைய ஜீப் வாங்கிய எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். வேறெதுவும் நன்றாக இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய மந்திரம் 'ஒரிஜினல்'. கம்பெனி வாசலைத் தாண்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ, கடைசி போல்ட் வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியின் பூர்வீகம் அவ்வளவு சுத்தமில்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. 1947-ல் மஹிந்திரா அந்த வில்லிஸைப் பாகம் பாகமாக வரவழைத்து இங்கே பூட்ட ஆரம்பித்தது. ஆக, உடம்பு அமெரிக்கா. எம்.எம். 540-க்குள் இருக்கும் டீசல் இன்ஜின் பிரான்சு தேசத்து பெஜோ. அதற்கு முன் வந்த சி.ஜே. 500 டி-யில் இருந்ததோ டிராக்டர் வம்சத்து இன்ஜின். போதாததற்கு, ஏலத்துக்கு வருமுன் எந்தெந்த டிரைவர் கையிலோ மாட்டி, சீட் அம்பாசிடருடையதாகவும் ஹாரன் லாரியுடையதாகவும் மாறியிருந்தது. பிறவியிலேயே கலப்பான ஒன்றிடம் போய் அண்ணன் கோத்திரம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

விசாரணை சென்னைப் புதுப்பேட்டையில் தொடங்கி அரியானாவின் மண்டி டப்வாலி வரை போகிறது. டப்வாலி ஜீப்புக்கென்றே பேர்போன ஊர். அண்ணனுக்கு இந்தி தெரியாது. "பையா, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை? ஒரிஜினல் ஹை?" என்று காலை எட்டு மணிக்குத் தெருவே கேட்கப் போனில் கத்துவார். அந்தப் பக்கமும் "ஒரிஜினல் ஹை" என்றுதான் எப்போதும் பதில் வரும்.

வேறு மாவட்டமாக இருந்தால் இந்தப் பெருமை எடுபட்டிருக்கும். இதுவோ நாமக்கல் மாவட்டம். லாரிக்கு பாடி கட்டிக் கட்டிப் பெயர் வாங்கிய மண். பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடெல்லாம் போய் போர் போடுகின்றன. இங்கே பால் ஊற்ற வருபவர் பழைய ரிக் டிரைவர். மளிகைக் கடைக்காரரின் மாமனார் லாரி ஃபிட்டர். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பானெட்டுக்குள் தலையை விட்டு, "பெஜோவைத் தூக்கிப் போட்டுட்டு வேற இன்ஜின் வையுங்ணா, பிச்சிக்கிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அந்த மாதிரி நேரங்களில் அண்ணன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அவர் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. இடது பக்க வீலைக் கழற்ற மூன்று பேர் ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் நட் அசையவில்லை. அண்ணன் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அப்படியே எதிர்ப்பக்கம் சுத்துங்க" என்றார். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி நட் போடுவது வழக்கம். ஓட்டத்தில் தளர்ந்துவிடக் கூடாது என்று. கழற்றுவதாக நினைத்து அத்தனை நேரமும் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க பால்காரர் வாசலில் பாலை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

வீட்டுக்குள் நிலவரம் வேறு. பேரிங்கின் வெளிவளையம் குளிர்ந்தால் மயிரிழை அளவு சுருங்கும். ஹப்பைச் சூடாக்கிக்கொண்டால் வளையம் அடி படாமல் உள்ளே இறங்கும். அறிவியல் சரிதான். அதற்காக ஃபிரீசரைத் திறந்தால் ஐஸ்கிரீமுக்கு பதில் இரும்பு இருப்பதை அண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. "ஏங்க, அந்த வளையத்தை எடுத்தீங்கன்னா தேங்காய்ச் சில்லை வைக்கலாம்" என்று மட்டும் சொல்வார். திட்டவே மாட்டார். கணக்கு எழுதுவார், அதுவும் மஞ்சளில். "விரலி வித்ததுல ஸ்டியரிங் வந்துச்சு. கிழங்கு வித்ததுல கியர்பாக்ஸ். பனங்காலியையாவது எனக்கு விடுங்க." மாசியில் வேகவைத்த மஞ்சள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று தூறல். ஓடிவந்து பார்த்தால் வீட்டிலிருந்த ஒரே நல்ல தார்ப்பாய் ஜீப்பைப் போர்த்தியிருந்தது. அன்றைக்குக் கணக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கமே தேவைப்பட்டது.

பிறகு சட்டம் குறுக்கே வந்தது. முதலில் நண்பனாகத்தான் வந்தது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அண்ணன் பிரிண்ட் எடுத்து, பானெட்டுக்குள் தலை நீட்டியவர்களிடமெல்லாம் காட்டினார். "பாத்தீங்களா, கோர்ட்டே ஒரிஜினலுங்கறாங்க." ஆனால் பெயின்ட் என்று வந்தபோது, யுத்தத்தில் ஓடிய ஜீப்பின் ராணுவப் பச்சைதான் ஒரிஜினல் என்று நின்றார். அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஏஜென்ட் சொன்னபோது, தன் கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார். 600 ரூபாயாக இருந்த ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனதுகூட அவரை இவ்வளவு பாதிக்கவில்லை. வண்டி இப்போது வெள்ளை. ஏலம் விட்ட அந்த அரசு அலுவலகத்தில் இருந்தபோதும் அது வெள்ளையாகத்தான் இருந்தது என்பதை யாரும் அவரிடம் நினைவுபடுத்துவதில்லை.

இத்தனையும் எதற்கு? மலை ஏறத்தான். ஒரு பக்கம் கொல்லிமலை. ஆனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அரசு பஸ் தினமும் பின்வீல்களை மட்டும் வைத்துக்கொண்டே ஏறிவிடுகிறது. அதில் போய் நாலு வீலையும் இழுக்கவைத்தால் மரியாதை இல்லை. இன்னொரு பக்கம் போதமலை. சாலையே இல்லாமல் கிடந்த மலை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதுதான் அண்ணனின் இலக்கு. லோ கியரைப் போட்டு, முன் வீலையும் சேர்த்துவிட்டு ஏறுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மலைக்கு ரோடு போடும் வேலை தொடங்கியபோது ஊரே சந்தோஷப்பட்டது. மலைச் சனங்கள் பட்ட பாடு கொஞ்சமா? டீக்கடையில் அண்ணன் மட்டும் பேசாமல் இருந்தார்.

"என்னங்கண்ணா, நல்ல காரியந்தானே?"

"நல்ல காரியந்தான். யாரு இல்லீன்னா? இன்னும் ரெண்டு வருசம் கழிச்சுப் போட்டிருக்கலாம்."

பால்காரர் டீ கிளாசை வைத்தார். வீல் நட் சமாச்சாரத்தை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

"அதனால என்னங்ணா? ரோடு முடிஞ்சு பஸ் விடுவாங்கல்ல, மொத நாள் பஸ்ல நான் ஜன்னல் சீட்டு புடிச்சு வெக்கறேன்."