ஐம்பது மெகாபைட் விரதம்

உலகத்தில் எதற்கெல்லாமோ இடநெருக்கடி இருக்க, கணினியின் ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இடம் கொள்ளை கொள்ளையாக மலிந்து கிடக்கும் இந்த நாளில், அந்த இடத்தைச் செலவழிக்கமாட்டேன் என்று வைராக்கியம் பூண்டு, கிலோபைட் கிலோபைட்டாகக் கணக்குப் பார்த்து அளக்கும் ஒரு கூட்டம் உண்டு. அடியேன் அதில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன். லினக்ஸ் என்பது கெர்னலின் பெயர்தான். அதன்மேல் தம் ருசிக்கேற்ற மென்பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்து, ஒரு நாமகரணமும் செய்து ஊருக்கு அளிப்பதைத்தான் டிஸ்ட்ரிபியூஷன் என்கிறார்கள். பெரிதாகச் செய்பவர்களுக்குப் பொறுக்குகிற உபாதை கிடையாது. இரண்டு நல்ல நிரல்கள் எதிரே வந்தால் இரண்டையும் உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். மிகச் சிறிதாகச் செய்யப் புறப்பட்டவன்தான் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்து, கால்குலேட்டர் அவசியமா, அல்லது மனிதர்கள் மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாகாதா என்று தர்க்கம் செய்கிறான்.

"முந்நூறு நானூறு ரூபாய்க்குப் பதினாறு ஜிபி பென் டிரைவ் கிடைக்குது. அதுல எதுக்கு மாமா இத்தனை கஞ்சத்தனம்?" என்று கேட்டான் என் தமக்கை மகன். அவன் கணினிக் கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவன். "பணக்காரன் ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பதில்லையா, அதைப் போலத்தான்டா" என்றேன். அவன் ஏகாதசியையும் அறியான், பட்டினியையும் அறியானாகையால் விவாதம் அத்துடன் நின்றது.

இந்த விரதத்துக்குப் பிரசித்தி தேடித்தந்தவர் அமெரிக்கரான ஜான் ஆண்ட்ரூஸ். வட்டமான சி.டி.யின் இரு பக்கங்களையும் நறுக்கி, விசிட்டிங் கார்டு அளவில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரு காலத்தில் விற்றார்கள். அதில் சுமார் 50 மெகாபைட் கொள்ளும். அந்த 50 மெகாபைட்டுக்குள் எத்தனை நிரல்களை அடைக்க முடியும் பார்ப்போம் என்று, பெரும்பாலும் விளையாட்டாகவே அவர் தொடங்கியதுதான் டேம் ஸ்மால் லினக்ஸ். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் செய்த நாப்பிக்ஸ் அதற்கு மூலம். நாப்பிக்ஸோ 700 மெகாபைட் சி.டி.யில் இரண்டு ஜிபி சரக்கை அழுத்தித் திணித்திருந்தது; அந்த யானையை இளைக்க வைத்து, 16 மெகாபைட் நினைவகம் கொண்ட பழைய 486 இயந்திரத்திலும் எழுந்து நடமாடும்படி செய்ததை ஒரு தபஸ் என்றே சொல்லவேண்டும். அவருடைய எல்லைக்காவது ஒரு சி.டி. சாட்சியாக இருந்தது. நான் செய்யப் புறப்பட்ட டிஸ்ட்ரிபியூஷனுக்கு நானே வகுத்துக்கொண்ட எல்லை 300 மெகாபைட். அதற்குச் சாட்சியும் இல்லை, காரணமும் இல்லை.

சரி, சின்ன நிரலாகப் பார்த்துப் பொறுக்கினால் தீர்ந்தது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் சூட்சுமம். நிரல் ஒன்று தன் அளவு 400 கிலோபைட் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். பையன் பரம சாது, ஒரு வேளைதான் சாப்பிடுவான் என்று தரகர் சொல்லக் கேட்டுச் சம்மதித்த பெண்வீட்டார், முகூர்த்தத்தன்று அவனுக்குப் பின்னால் மூன்று பஸ் நிறைய இறங்கும் சம்பந்திகளைக் கண்டு சமையற்கட்டுக்கு ஓடுவதைப்போல, அந்த 400 கிலோபைட்டின் பின்னால் வந்து இறங்கும் துணைநிரல் தொகுப்புகளான லைப்ரரிகளைக் கண்டு நாமும் ஓடவேண்டும். எல்டிடி என்றொரு கட்டளை இருக்கிறது. அதோடு நிரலின் பெயரைச் சேர்த்து இட்டால், அதன் உற்றார் உறவினர் அனைவரையும் வரிசையாகச் சொல்லிவிடும். டெபியன் வகையறாவில் இன்னொரு விசேஷம்: நிரலுக்கு இன்றியமையாதவை ஒரு பட்டியல், அதற்குச் சிபாரிசு செய்யப்பட்டவை வேறொரு பட்டியல். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால், சிபாரிசுக்காரர்களும் இலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே தேர்ந்தெடுப்பது தனி நிரலை அல்ல, குடும்பத்தை. டேம் ஸ்மால் லினக்ஸின் பழைய பதிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் அந்த மனிதரின் சாமர்த்தியம் விளங்கும்: பாட்டுக்கு எக்ஸ்எம்எம்எஸ், தபாலுக்கு சில்ஃபீட், கோப்பு பார்க்க ஈமெல்எஃப்எம், வலைக்கு டில்லோ என்று அவர் பொறுக்கியவை, தொழில் வேறுவேறானாலும், ஜிடிகே என்னும் வரைகருவித் தொகுப்பின் முதல் தலைமுறையையே நம்பிப் பிழைத்தவை. ஒரு லைப்ரரிக்குச் சோறு போட்டால் நால்வர் வேலை செய்கிறார்கள். நானும் அந்த நியமத்தைப் பின்பற்றி ஜிடிகேயின் இரண்டாம் தலைமுறையைக் குலமாகக் கொண்டு, பிசிமேன்எஃப்எம், லீஃப்பேட், எம்டிபெயின்ட் என்று ஆட்களைச் சேர்த்து வருகையில், கடிதம் எழுத உதவும் ஏபிவேர்ட் வாசலில் வந்து நின்றது. எனக்கு அதன்மேல் பழைய அபிமானம் உண்டு. 200 மெகாபைட்டுக்குக் குறையாமல் விழுங்கும் லிப்ரே ஆபீஸை நினைத்தால் அது துரும்பு. ஆனால் 3.0 பதிப்பிலிருந்து அது ஜிடிகேயின் மூன்றாம் தலைமுறைக்குக் குடிபெயர்ந்துவிட்டபடியால், அதை ஏற்றால் அந்தத் தலைமுறை முழுவதையும் ஏற்கவேண்டும். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். என் டிஸ்ட்ரிபியூஷனில் கடிதம் எழுதுகிறவர்கள் தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் இல்லாமலே தங்கள் கோபத்தைத் தெரிவித்துக்கொள்ளவேண்டியது.

ஜன்னல்களை நிர்வகிக்க ஜேடபிள்யூஎம் போதும். அது எக்ஸ்லிப் என்னும் லைப்ரரி ஒன்றை மட்டும் கேட்கும் யோக்கியன். ஃப்ளக்ஸ்பாக்ஸ் அழகு என்பார்கள். ஆண்ட்ரூஸ் இரண்டையுமே வைத்தார். கிலோபைட்டுக்கு அடித்துக்கொள்கிறவர் ஒரே வேலைக்கு இருவரை நியமித்ததன் நியாயம் என்ன என்று நான் விசாரிக்கப்போவதில்லை. எந்த லோபிக்கும் ஒரு சபலம் உண்டு.

ஆனால் இந்தச் சாமர்த்தியங்கள் அத்தனையும் பிரவுசரின் வாசலில் தோற்றுப்போகின்றன. டில்லோ 1999 டிசம்பரில், சிலி தேசத்து ஹோர்ஹே அரெல்லானோ சித் என்பவரின் கையில் தொடங்கியது, ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும், கண்ணிமைப்பதற்குள் திறக்கும். ஒன்றே குறை: ஜாவாஸ்கிரிப்ட் அறியாது. அறியாததனால்தான் அது சிறியது, அறியாததனாலேயே இன்றைய வங்கியும் ரயில் டிக்கெட்டும் அதன் முன்னே வெள்ளைத் தாளாக வந்து நிற்கின்றன. இன்றைய ஃபயர்ஃபாக்ஸோ அழுத்திக் கட்டிய மூட்டையாகவே அந்தப் பழைய விசிட்டிங் கார்டை நிரப்பி வழியவிடும். ஆண்ட்ரூஸ் நெடுங்காலம் கழித்து 2024இல் தம் படைப்பை ஆன்டிஎக்ஸ் என்னும் டிஸ்ட்ரிபியூஷனின்மேல் மீண்டும் எழுப்பியபோது, எல்லையை 50லிருந்து 700 மெகாபைட்டுக்கு உயர்த்தி, முழுச் சி.டி. ஒன்றே அளவு என்று புதிய சங்கற்பம் செய்துகொண்டார். விரதம் அதுதான், பலகாரம் மட்டும் சற்று அதிகம்.

அவரோடு சேர்ந்து உழைத்துப் பின்பு பிரிந்துபோன ராபர்ட் ஷிங்கில்டெக்கர் வேறு மார்க்கம் கண்டார். 2008இன் இறுதியில் வெளிவரத் தொடங்கிய அவருடைய டைனி கோர் முதலில் சுமார் 10 மெகாபைட்தான். எழுப்பினால் ஒரு வெற்று மேஜை, கீழே சில சித்திரங்கள். பிரவுசர் இல்லை, பாட்டு இல்லை, வேண்டுவதை நீயே வரவழைத்துக்கொள் என்கிறது. பொறுக்குவதன் கஷ்டத்தைப் பொறுக்காமலிருந்தே தீர்த்துக்கொண்ட அவருடைய புத்திசாலித்தனத்தை நான் வணங்குகிறேன். அதே வேளையில், விருந்துக்கு அழைத்து மளிகைக் கடைக்கு வழி சொல்லும் காரியம் அது என்றும் என் அபிப்பிராயத்தைப் பதிவு செய்கிறேன்.

எனக்கு இதில் சொந்தச் சங்கடம் ஒன்று வேறு. சிறு நிரல்களை எழுதியவர்களில் பலர், எழுத்துகள் எல்லாம் ரேஷன் கடை வரிசையில் நிற்பதைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை என்று கருதியவர்கள். ஜிடிகேயை விட்டுவிட்டு டில்லோ இப்போது சார்ந்திருக்கும் எஃப்எல்டிகே என்னும் வரைகருவித் தொகுப்பில் 'செய்தி' என்று வந்தால், சகரம் முதலில் நிற்க, அதற்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ப் பக்கம் முழுவதும் கொம்பு முளைத்த இடம் தெரியாமல் தவிக்கிறது. இதைச் சீராக்கப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் லைப்ரரிகள் வேண்டும். அவையும் பரிவாரத்தோடுதான் வரும். ஜிடிகேயின் முதல் தலைமுறைக்குப் பாங்கோ தெரியாது, இரண்டாவதற்குத் தெரியும். நான் இரண்டாவதைக் குலமாகக் கொண்டதன் இரகசியம் அதுவே. தமிழ் எழுத்துருவுக்குச் சில நூறு கிலோபைட் போதும்; ஒரு கொம்பை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதற்குத்தான் மெகாபைட் கணக்கில் தண்டம் அழவேண்டியிருக்கிறது. அழுதேன். அந்த ஒரு செலவில் மட்டும் நான் கணக்குப் பார்க்கவில்லை.

எல்லாம் கூட்டிக் கழித்தபின் 300க்குள் சொற்பம் இடம் மிஞ்சியது. அதில் சதுரங்கத்தை வைப்பதா, அகராதியை வைப்பதா என்று பலவாறு ஆலோசித்துவிட்டு, எக்ஸ்ஐஸ் என்னும் நிரலை வைத்தேன். மவுஸின் அம்பு எங்கே போனாலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். மருமகன் வந்து பார்த்தான். அடக்கமான ஜேடபிள்யூஎம்மையோ, கொம்பு பிறழாத தமிழையோ அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்பை மேலும் கீழும் ஆட்டிக் கண்களைச் சுழலவிட்டபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இதை மட்டும் எனக்குத் தனியா அனுப்புங்க மாமா" என்றான்.