பெண் வளவில் மாப்பிள்ளைச் சேவல்: சவளக்கடை ஊர்க்கோழிகளின் குடிமுறை பற்றிய ஓர் ஆய்வு

எட்டுப் பத்துப் பேடுகள் மேயும் ஒரு வளவுக்குச் சேவலை எப்படித் தெரிவு செய்வது, தெரிந்த சேவலை எப்படிக் கூட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்கு உலகம் சொல்லிவரும் விடைகளில் பெரும்பாலானவை ஒரு தவறான எடுகோளில் நிற்கின்றன. சேவல் அரசன், பேடுகள் அவனுடைய அந்தப்புரம் என்பது அந்த எடுகோள். தலையில் சிவப்பாக ஏதோ இருந்தால் அதைக் கிரீடம் என்று எண்ணும் மனித பலவீனமே இதற்குக் காரணம். கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே போனால் வரும் சவளக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். இந்தக் கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், குடி எனும் குலம் தாய்வழியில் இறங்கும். மானிடவியலாளர் நூர் யால்மன் 1967இல் வெளியான தமது நூலில் இதை விளக்கினார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் தனி நூலே எழுதினார். இருவரும் கோழிக்கூட்டுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கவில்லை என்பது மானிடவியலுக்கு நேர்ந்த இழப்பு. அந்த இடைவெளியை நிரப்ப முனையும் இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: வளவுக்கு வரும் சேவல் அரசனல்லன், வீட்டோடு வந்த மாப்பிள்ளை. தெரிவும் சேர்ப்பும் மாப்பிள்ளை எடுக்கும் முறைப்படியே நடக்க வேண்டும்.

முதலில் வளவு யாருடையது என்பதை நிறுவ வேண்டும். நோர்வே நாட்டவரான ஷெல்டெரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, யார் யாரைக் கொத்தலாம், யார் யாரிடம் கொத்து வாங்க வேண்டும் என்ற வரிசையை 1920களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டார். பேடுகள் தமக்குள் போட்டுக்கொள்ளும் அந்த வரிசைக்குச் சேவல் தேவையில்லை. அவன் வருமுன்னும் அது இருக்கிறது, அவன் கறியான பின்னும் இருக்கும். நாலைந்து மாதச் சேவற்குஞ்சு ஒன்றை மூத்த பேடுகளுக்கு நடுவில் விட்டால், மூலைக்கு மூலை துரத்தி அவனைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தவர் எவரும் அந்தப்புரம் என்ற சொல்லை மறுபடி எடுக்கமாட்டார். ஆகவே விலை மலிவென்று பொடியனை எடுக்காமல் ஒரு வயது கடந்தவனை எடுப்பதே முறை. இன்னும் வலுவான சான்று 2000ஆம் ஆண்டில் பிஸ்ஸாரியும் பேர்க்ஹெட்டும் வெளியிட்ட ஆய்வு. தரவரிசையில் தாழ்ந்த சேவல் வலிந்து சேர்ந்தால், பேடு அவனுடைய வித்தைத் தன் உடலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். கடைசிச் சொல் யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் நொத்தாரிசிடமும் கிடைக்காது. பிறகு 21 நாள் அடை கிடப்பவளும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரம்போரம் திரிபவளும், பருந்து வந்தால் சிறகுக்குள் எடுப்பவளும் அவளே. குஞ்சின் குடி தாயின் குடி என்பதில் இனி ஐயம் எழக்கூடாது.

இதிலிருந்து தெரிவின் முதல் விதி தானாக வருகிறது: ஒரே குடிக்குள் சம்பந்தம் இல்லை. சொந்த வளவில் பொரித்த சேவல் எவ்வளவு அழகனாக இருந்தாலும் அங்குள்ள பேடுகளுக்கு அவன் காக்கா (அண்ணன்) அல்லது தம்பி. மரபியலும் குடிச் சட்டத்தோடு இங்கே ஒத்துப்போகிறது. உடன்பிறந்தவை சேர்ந்தால் உட்கலப்பு 25 சதவீதம். முட்டை பொரிப்பது குறையும், பொரித்ததும் நோஞ்சானாக நிற்கும். ஆனால் நம் வளவுச் சேவல் ஒன்றை முன்னொரு காலத்தில் பக்கத்து வளவுக்குக் கொடுத்திருந்தால், அங்கே அவனுக்குப் பிறந்த மகன் பக்கத்து வளவுக் குடியைச் சேர்ந்தவன். நம் பேடுகளுக்கு அவன் மாமாவின் மகன், அதாவது முறை மச்சான். குடிச் சட்டம் தாராளமாக அனுமதிக்கும். மரபியலார் 6.25 சதவீதம் என்று கணக்குப் போட்டு முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான். ஓரிடத்தில் மட்டும் குடிமுறை கோழிக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேவல் வேறு குடி, அவனுடைய மகள்மார் தாயின் குடி. அவர்கள் ஆறு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடுவார்கள், சேவலுக்கோ எந்தச் சட்டமும் தெரியாது. எனவே மகள்மார் தலையெடுக்குமுன் மாப்பிள்ளையை மாற்றுவது வளவுக்காரரின் பொறுப்பு. பழையவன் போன பிறகும் இரண்டு கிழமைக்கு மேலாகப் பேடுகளின் உடலில் அவனுடைய வித்து உயிரோடிருக்கும் என்பதால், அந்த இடைவெளியில் இட்ட முட்டைகளை அடை வைக்காமல் பொரித்துத் தின்பதே வம்சக் கணக்குக்கு நல்லது.

அழகைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கொண்டை சிவந்து நிமிர்ந்திருந்தால் உடம்பு சுகம் என்று பொருள். பேடுகளும் அதைத்தான் பார்க்கின்றன. மஞ்சள் கால்தான் வேண்டும் என்று அடம்பிடிப்போர், அந்த மஞ்சள் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் நிறுவப்பட்டதை அறிந்து மகிழலாம். கடல் கடந்த சம்பந்தம் என்றால் நம்மவர்க்கு எப்போதும் மதிப்பு. உண்மையான சோதனை குறுணலில் இருக்கிறது. விற்பவரின் வளவில் ஒரு கைப்பிடிக் குறுணலை வீசிவிட்டுப் பார்க்க வேண்டும். தானே முதலில் விழுங்குபவனை விட்டுவிடுங்கள். கொக்கரித்து, பொறுக்கியதைக் கீழே போட்டு, பேடு வந்து தின்னும்வரை தலையை ஆட்டிக்கொண்டு நிற்பவனை எடுங்கள். சேவல்கள் தின்ன எதுவுமில்லாத இடத்திலும் சில வேளை இப்படிக் கூப்பிடும், பேடு தூரத்தில் நின்றால் இந்தப் பொய் கூடும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் மாப்பிள்ளை பேசிய எல்லா வாக்குறுதிகளையும் அரிசியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் எங்கும் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் பாய்ந்து கொத்துபவனுக்கு மட்டும் மன்னிப்பு வேண்டாம். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும்.

இனி எதிர்வாதம். வளர்ந்த சேவல் எந்தப் பேட்டையும் கொத்தி விலக்குவான், பேடு அவனைத் திருப்பிக் கொத்துவது அரிது, ஊரே கேட்கக் கூவுபவனும் அவன்தான், பிறகு எப்படி வீடு அவளுடையது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடையைச் சவளக்கடையின் எந்த வீட்டு விறாந்தையிலும் காணலாம். வட்டவிதானையிடம் தண்ணீர் முறை கேட்டுச் சத்தம் போடுபவர் கணவர், வளவின் உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில் அலுமாரிக்குள் இருக்கும். சத்தமும் சொத்தும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூவலும் அதிகாரத்தைவிட வரிசையையே காட்டுகிறது. ஒன்றாக வாழும் சேவல்களில் முதலிடத்திலிருப்பவனே முதலில் கூவுகிறான், மற்றவை தரவரிசைப்படி பின்தொடர்கின்றன, முதல்வனை அகற்றினால் இரண்டாமவன் தொடங்குகிறான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷிமுராவும் தோழர்களும் 2015இல் காட்டினார்கள். ஒரே சேவல் உள்ள வளவில் முதலிடம் வகிப்பது பெரிய சாதனையன்று. சுபஹுக்கு முன்பே கத்துகிறானே என்று முறைப்பாடு சொல்லும் அயலவருக்கு, தொழுகைக்கு எழுப்பும் சேவலை ஏசக்கூடாது என்ற கருத்தில் அபூதாவூதின் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருப்பதை நினைவூட்டினால் போதும்.

அதைவிடக் கூர்மையான எதிர்வாதம் பொருளியலிலிருந்து வருகிறது. முட்டையிடச் சேவல் தேவையில்லை. பொரிக்கத்தான் தேவை. அதற்கும் பக்கத்து வளவுச் சேவல் கிடுகு வேலிக்குள்ளால் இலவசமாக வருகிறானே, ஏன் தீனி போட்டு ஒருவனை வைத்திருக்க வேண்டும்? முட்டை மட்டும் வேண்டுவோருக்கும், மூன்று பேடு மட்டும் வைத்திருப்போருக்கும் இந்த வாதம் முழுக்கச் சரி. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடாவது வேண்டும், குறைந்தால் அவற்றின் முதுகில் இறகு மிஞ்சாது. மற்றவர்கள் ஒன்றை எண்ண வேண்டும். அறுவடை முடிந்து பேடுகள் சிந்திய நெல்லைத் தேடி வட்டைக்குள் இறங்கும்போது, வானத்தில் வரும் பருந்துக்கு ஒரு குரல், தரையில் வரும் கீரிக்கு வேறொரு குரல் என்று பிரித்து எச்சரிப்பவன் கூடவே திரியும் சேவல். வேலி தாண்டி வருபவன் வந்த காரியம் முடிந்ததும் போய்விடுவான், பருந்து வரும் நேரத்துக்கு அவன் இருப்பதில்லை. ஊரார் இப்படிப்பட்ட ஆட்களுக்கு வைத்திருக்கும் பெயரை ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாது.

சேர்க்கும் முறை சுருக்கமானது. வாங்கி வந்தவனை மூன்று நான்கு கிழமை தனியாக வைக்க வேண்டும். இங்கிலாந்தில் நியூகாசில் என்றும் இந்தியாவில் ராணிக்கேட் என்றும் ஊர்ப்பெயர் வாங்கிய நோய், ஒரே வாரத்தில் கூட்டையே வெறுமையாக்கும். தடுப்பூசி போட்டவனா என்பதையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். கடைசிக் கிழமையில் கம்பி வலைக்கு அப்பால் நிறுத்தி, இரு தரப்பும் பார்த்துக்கொள்ளட்டும், தொட வேண்டாம். பிறகு ஓர் இரவில், கோழிக்குக் கண் தெரியாத இருட்டில், பேடுகள் தூங்கும் கொம்பின் ஓரத்தில் மெதுவாக ஏற்றி வைத்துவிட வேண்டும். விடியும்போது அவன் அங்கேயே இருந்தவன்போலத் தோன்றுவான். முதல் இரண்டு நாளும் தீனியை ஓரிடத்தில் கொட்டாமல் மூன்று நான்கு இடங்களில் வைத்தால் சண்டை பரவாது. மூத்த பேடு நாலு கொத்துக் கொத்துவாள். அது வரவேற்பின் பகுதி, குறுக்கே போகக்கூடாது. இரண்டு கிழமையாகியும் அவன் கூட்டின் கீழேயே ஒளிந்து கிடந்தால் சம்பந்தம் சரிவரவில்லை என்று பொருள், வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டியதுதான். அதற்கான பேச்சை விலை பேசும் அன்றே பேசி வைப்பது நல்லது. கல்முனைப் பக்கத்தில் எடுத்த மாப்பிள்ளையென்றால், காரியம் முழுவதையும் மாரி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். கிட்டங்கியில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கினால் மனிதருக்கே அக்கரை போக வழியிருக்காது, பெண் வீட்டார் விரும்பாத சேவலை எந்தத் தோணிக்காரர் ஏற்றுவார்?